வலி குறைந்தது, விரல் தளர்ந்தது: டிஸ்க் விலகிய செவிலியர் ஒருவரின் ஓராண்டு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 41 வயதுச் செவிலியர். பொது மருத்துவப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறார். மாதத்தில் ஏறக்குறைய பாதி நாள் இரவுப் பணி. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. அவருக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இடுப்புப் பிடிப்பு அவருக்குப் புதிதில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது பிடிக்கும், நாலைந்து நாளில் விட்டுவிடும். நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, நகர்த்துகிறவர்களுக்கு இது சகஜம் என்பதால் அவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020இல் மட்டும் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அதில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடுகிற வகை. எந்த எலும்பு, எந்தத் தசை என்று விரலை வைத்துக் காட்டவும் முடியாது. இவருடைய பழைய பிடிப்புகளும் அந்த வகைதான்.

இந்த முறை நடந்தது வேறு. ஓர் இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில், கட்டிலின் கால்பக்கம் சரிந்துவிட்ட நோயாளியை மேலே இழுத்துவிட வேண்டியிருந்தது. வழக்கமாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்வது. அன்று இவரும் ஒரு பயிற்சி மாணவியும்தான். கட்டில் தாழ்வாகவே இருந்தது, தலைப்பக்கம் உயர்த்தியபடி இருந்தது. இழுக்கும்போது இடுப்பில் ‘சுருக்’ என்றது. பணியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். எழுந்தபோது காலை மடக்கிச் செருப்பு மாட்ட முடியவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன்

மூன்றாம் நாளிலிருந்து வலி இடம் மாறியது. இடுப்பில் குறைந்து, இடது பிட்டம், தொடையின் வெளிப்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் மேற்புறம் வரை சுண்டி இழுத்தது. இருமினால், தும்மினால் மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் வலி மாத்திரை, நரம்பு வலிக்கென்று பிரிகாபாலின், இடுப்பு பெல்ட், பத்து நாள் முழு ஓய்வு என்று எழுதினார். இரண்டாவது வாரம் எம்ஆர்ஐ எடுத்தார்கள்.

அறிக்கையில் இருந்தது இதுதான். இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு (எல்-4, எல்-5) இடையில் மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கின் உட்கூழ் வெளியுறையைத் தாண்டி இடது பக்கம் பிதுங்கி, அங்கிருந்து காலுக்கு இறங்கும் எல்-5 நரம்பின் வேரை அழுத்துகிறது. கூடவே, அதற்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகளில் நீர் வற்றியிருக்கிறது, மூட்டுகளில் லேசான தேய்மானம். ஒரு பக்கம் முழுக்க இப்படியே போகும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் அதைப் படித்துவிட்டார். “சார், தினமும் பேஷண்டுகளோட ரிப்போர்ட்டை ஃபைல்ல வைக்கிறவதான் நான். என் பேர்ல வந்ததும் கை நடுங்கிருச்சு” என்று பின்னால் சொன்னார்.

அதற்குப் பிறகு குனிவதையே நிறுத்திவிட்டார். குழந்தையைத் தூக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றாமல் தூங்கினார். அழுத்தி இருமினால் கால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் இருமலைக்கூட அடக்கினார். இந்த மூன்று வாரத்தில் அவர் காலில் எவ்வளவு வலு இருக்கிறது என்று ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. முதுகைப் படம் பிடித்தாயிற்று, ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் பார்க்கவில்லை. இந்தக் கதையில் என்னை இன்றும் உறுத்துவது இதுதான்.

பரிசோதனையில் தெரிந்தது

மூன்றாம் வாரக் கடைசியில் வந்தார். உடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அன்றாட வேலைகளை இடுப்பு வலி எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாள் உண்டு. பூஜ்யம் என்றால் முடக்கமே இல்லை, 100 என்றால் படுத்த படுக்கை. அவருக்கு 58 வந்தது.

மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலைத் தூக்கினால் 35 டிகிரியிலேயே கால் முழுக்க இழுத்தது. வலது காலைத் தூக்கியபோதும் இடது காலில்தான் வலித்தது. டிஸ்க் நரம்பை அழுத்துகிறது என்பதற்கு இந்த இரண்டாவது அறிகுறி வலுவான சான்று. பாதத்தின் மேற்புறம் தொட்டால் மந்தமாக இருந்தது. குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ளுகிற கணுக்கால் அனிச்சை சரியாக இருந்தது.

தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம். 5 முழு வலு. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைக்கலாம், ஆனால் கையால் லேசாக அழுத்தினாலே தளர்ந்துவிடும். எல்-5 நரம்பைப் பார்க்கச் சுலபமான இடம் கால் பெருவிரல். அதை மேல்நோக்கி மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினேன். இடது பக்கம் 4. குதிகாலில் மட்டும் நடக்கச் சொன்னபோது, சில அடிகள் கழித்து இடது முன்பாதம் தாழ்ந்தது. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

அவசரமாக அனுப்ப வேண்டிய காரணம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, புற்றுநோய் வரலாறு, நீண்ட நாள் ஸ்டீராய்டு, விழுந்து அடிபட்டது எதுவும் இல்லை. சிறுநீர் தாராளமாகப் போகிறதா, கழிவறையில் துடைக்கும்போது தொடு உணர்ச்சி சரியாகத் தெரிகிறதா என்று நேராகவே கேட்டேன். சிலர் கூச்சப்பட்டு இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் பதிலும் சுற்றி வளைத்துத்தான் வரும். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை மொத்தமாக நெரிபட்டால் முதலில் தெரிவது அங்கேதான். அதைத் தவறவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். இவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் படுக்கையிலிருந்து எழுப்பினோம். இடுப்பு வலிக்குப் படுக்கை ஓய்வு என்ற பழக்கம் 1980களிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. 1986இல் வந்த ஆய்வில் ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் குறைவான நாட்களே வேலையை இழந்தார்கள். 1995இல் ஃபின்லாந்து ஆய்வு இன்னும் மேலே போனது. படுத்தவர்கள், பயிற்சி செய்தவர்கள், முடிந்தவரை வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள் என்று மூன்று குழுவை ஒப்பிட்டபோது, மூன்றாவது குழுதான் சீக்கிரம் தேறியது. இவை பெரும்பாலும் கால் வலி இல்லாதவர்களிடம் செய்தவை. சியாட்டிகாவுக்கும், அதாவது இடுப்பு நரம்பு நெரிபட்டுக் காலுக்கு இறங்கும் வலிக்கும், படுக்கை ஓய்வு கூடுதல் பலன் தரவில்லை என்பதைத் தனி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவரை ஐந்து நிமிட நடை, அப்புறம் படுக்கை, மறுபடி நடை என்று நாள் முழுக்கத் துண்டு துண்டாக நடக்கச் சொன்னோம். படுக்கும்போது கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி மேல் வைத்துக்கொண்டால் கால் இழுப்பு குறைந்தது. பெல்ட்டை நடக்கும்போது மட்டும், பிறகு அதுவும் வேண்டாம் என்று படிப்படியாகக் கழற்றினோம்.

அடுத்தது ஸ்கேன் அறிக்கை. அவர் முன்னாலேயே அதை வரி வரியாகப் பிரித்தோம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 40 வயதில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. ஆக, அறிக்கையின் முக்கால் பங்கு அவருடைய வயதைப் பற்றியது. மீதிக் கால் பங்கு அப்படியில்லை. பிதுங்கிய டிஸ்க், அது அழுத்துகிற நரம்பு, கால் வலியின் பாதை, தளர்ந்த விரல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. ‘ஸ்கேனில் எல்லாருக்கும் ஏதாவது இருக்கும், விடுங்கள்’ என்று இவரிடம் சொன்னால் அது பொய்.

ஆனால் அந்தக் கால் பங்கிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. வெளியே பிதுங்கிய கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, வெள்ளணுக்களை அனுப்பிக் கரைக்கப் பார்க்கும். எவ்வளவு வெளியே வந்திருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அது நடக்கும். 2015இன் இன்னொரு தொகுப்பில், உறைக்குள்ளேயே லேசாகப் புடைத்தவற்றில் 13 சதவீதம்தான் சுருங்கின. உறையைத் தாண்டிப் பிதுங்கியவற்றில் 70 சதவீதமும், துண்டாகவே பிரிந்தவற்றில் 96 சதவீதமும் சுருங்கின. படத்தில் மோசமாகத் தெரிவதுதான் பெரும்பாலும் நன்றாக ஆறுகிறது என்றதும் அவர் நம்பவில்லை. இரண்டு முறை எண்களைத் திருப்பிக் கேட்டார்.

பயிற்சியில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மெதுவாக மேலுடம்பைத் தூக்கச் சொன்னோம். சில முறை செய்ததும் கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறியது, பிறகு பிட்டத்துக்கு. அதே நேரம் இடுப்பு வலி கூடியது. அவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி 1950களில் கவனித்த விஷயம் இது. கால் வலி கீழிருந்து மேலேறி முதுகுப் பக்கம் ஒதுங்கினால், முதுகில் வலி கூடினாலும் அது நல்ல திசை. எந்த அசைவு வலியைக் கீழே தள்ளுகிறதோ அது இப்போதைக்கு வேண்டாம். இந்த ஒரு விதி புரிந்ததும், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். காலை எழுந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் ஆழமாகக் குனிய வேண்டாம் என்றோம். இரவு முழுக்க டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம்.

பிரிகாபாலின் அவரைத் தூக்கக் கலக்கத்திலேயே வைத்திருந்தது, வலியைக் குறைக்கவில்லை. 2017இல் சியாட்டிகா நோயாளிகளிடம் அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்விலும் பலன் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசினோம். திடீரென நிறுத்தக் கூடாத மருந்து என்பதால் அவரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

ஐந்தாம் வாரம்

ஐந்தாம் வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். கால் வலி பாதியாகிவிட்டது, இருபது நிமிடம் உட்கார முடிகிறது. ஆனால் பெருவிரல் வலு 4இலிருந்து 3க்கு இறங்கியிருந்தது. குதிகாலில் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை.

வலி குறைவதும் நரம்பு தேறுவதும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றில்லை. நசுங்கிய நரம்பு வலியைச் சொல்வதை நிறுத்திவிட்டு, வேலையையும் நிறுத்தத் தொடங்கலாம். அவர் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதி அனுப்பியிருப்போம். அன்றே தண்டுவட அறுவை மருத்துவரிடம் அனுப்பினோம்.

அறுவை மருத்துவர் இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்தார். 2007இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வை அடிப்படையாக வைத்துப் பேசினார். சீக்கிரமே அறுவை செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் தேறியவர்கள் ஏறக்குறைய சமம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புவியீர்ப்பை எதிர்த்துக் காலை அசைக்க முடியாத அளவு தளர்ந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இவர் அந்தக் கோட்டின் மேலேயே நின்றார். இன்னும் ஒரு படி இறங்கினால் அந்த எண்கள் இவருக்குப் பொருந்தாது.

மருத்துவர் அறுவைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். இவர் காத்திருக்க விரும்பினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வெறுமனே ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று விடவில்லை, நிபந்தனைகளை எழுதி வைத்தோம். வாரம் இரு முறை விரல் வலுவை ஒரே ஆள் சோதிக்க வேண்டும். 3க்குக் கீழே போனால் அறுவை. இரண்டு வாரத்தில் 3இலேயே நின்றாலும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். சிறுநீர் தங்கினாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவு. இந்தத் தாளை அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். இரவில் தூங்குவதற்காக நரம்பு வேர் அருகே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் போட்டார்கள்.

ஆறாம் வாரம் 3. ஏழாம் வாரம் முதல் முறையாக என் கட்டைவிரலின் அழுத்தத்தை எதிர்த்தார். பத்தாம் வாரம் 4. அறுவை தேவைப்படவில்லை.

மறுபடி வேலைக்கு

உண்மையில் இதுதான் கடினமான பகுதி. ‘முழுத் தகுதி’ என்று சான்று கொண்டுவந்தால் சேரலாம், இல்லையென்றால் விடுப்பைத் தொடரலாம் என்றது நிர்வாகம். நடுவில் எதுவும் கிடையாது. கால் வலி வந்த ஒருவரை நேராக இரவுப் பணிக்கு அனுப்புவதும், மாதக்கணக்கில் வீட்டில் உட்காரவைப்பதும் இரண்டுமே கெடுதல். விடுப்பு நீள நீள வேலைக்குத் திரும்புவது கடினமாகும்.

எந்தெந்த வேலை செய்யலாம், எது வேண்டாம், எப்போது மறு மதிப்பீடு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். 2007இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு ஏறக்குறைய 16 கிலோ எல்லை சொன்னார். அட்டைப்பெட்டிக்குக் கைப்பிடி உண்டு, திடீரென்று நெளியாது. நோயாளி அப்படியில்லை என்பதால்தான் இவ்வளவு குறைந்த எல்லை. 70 கிலோ நோயாளியை இருவர் மட்டும் இழுப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள் என்று வகுப்பெடுப்பதால் மட்டும் இடுப்பு வலி குறைவதில்லை என்பதையும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2011இல் சொல்லியிருக்கிறது. மாற வேண்டியது வேலையின் அமைப்பு.

தலைமைச் செவிலியர் இதைப் புரிந்துகொண்டார். 11ஆம் வாரத்தில் வெளிநோயாளர் பிரிவில் அரை நாள் பணி கொடுத்தார். நோயாளியின் அடியில் விரித்து, தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்புகள் வார்டுக்கு வந்தன. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது, தலைப்பக்கத்தை முதலில் படுக்கையாக இறக்குவது, முடிந்த நோயாளியை முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்தச் சொல்வது என்ற மூன்றும் பழக்கமாயின. கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை. பத்து விநாடி பொறுமை இருந்தால் போதும்.

இதற்கிடையில் சிகிச்சை அறையில் அவர் குனியப் பழகினார். முதலில் மேசை மேல் இருந்த 4 கிலோ எடை, பிறகு முழங்கால் உயரத்தில், பிறகு தரையிலிருந்து. ஐந்தாம் மாதம் தரையிலிருந்து 20 கிலோவைத் தூக்கினார். அன்று மாலையே குழந்தையைத் தூக்கியதாகச் செய்தி அனுப்பினார். ஆறாம் மாதம் வார்டுக்குத் திரும்பினார்.

ஏழாம் மாதம்

அடுத்தடுத்து இரண்டு பணி நேரங்கள் சேர்ந்து விழுந்த ஒரு வாரத்தில் மறுபடி இடுப்பு பிடித்தது. காலுக்கு இறங்கவில்லை. ஆனாலும் பழைய பயம் முழுதாகத் திரும்பியது. மறு ஸ்கேன் வேண்டும் என்றார், பெல்ட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார். காலைத் தூக்கிப் பார்த்தோம், விரலை அழுத்திப் பார்த்தோம், சிறுநீர் பற்றிக் கேட்டோம். எதுவும் மாறவில்லை. ஸ்கேன் தேவையில்லை என்று முடிவெடுத்து, காரணத்தையும் சொன்னோம். இரண்டு வாரத்துக்குள் அடங்கியது.

பேசிப் பார்த்ததில், வார்டுக்குத் திரும்பியதிலிருந்து நடைப்பயிற்சி நின்றுபோயிருந்தது. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து தேறிய பின் திட்டமிட்டு நடந்தவர்களுக்கு அடுத்த பிடிப்பு வரச் சராசரியாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். நடப்பதால் வலி வரவே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, தள்ளிப்போகும் என்கிறது. அதை அப்படியேதான் அவரிடம் சொன்னோம். இப்போது பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறார். இரவுப் பணி நாட்களில் நடப்பதில்லை. அதை நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஓராண்டு முடிவில்

ஆஸ்வெஸ்ட்ரி மதிப்பெண் 58இலிருந்து 10க்கு வந்தது. பெருவிரல் வலு வலது பக்கத்துக்கு ஏறக்குறைய சமம். அழுத்திச் சோதித்தால்தான் சிறு வித்தியாசம் தெரியும். பாதத்தின் மேற்புறம் ஒரு நாணயம் அளவுக்கு இன்னும் மந்தமாகவே இருக்கிறது, அது அப்படியே இருக்கக்கூடும். மறு எம்ஆர்ஐ எடுக்கவில்லை. கால் தேறிவிட்ட நிலையில் படத்தில் எது வந்தாலும் நாங்கள் செய்வது மாறாது. இரவுப் பணியை மாதத்துக்கு ஐந்தாகக் குறைத்துக்கொண்டார்.

எதை மாற்றலாம்

கால் வலியோடு வரும் எவருக்கும் முதல் சந்திப்பிலேயே பெருவிரல், கணுக்கால், குதிகால் நடை, முன்பாத நடை பார்த்து எண்ணாக எழுதி வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இவருக்கு முதல் வாரத்து எண் ஒன்று இருந்திருந்தால், மூன்றாம் வாரத்தில் பார்த்த 4 ஏறி வந்த 4ஆ, இறங்கி வந்த 4ஆ என்று தெரிந்திருக்கும். ஐந்தாம் வாரம் அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

அபாய அறிகுறித் தாளும் ஐந்தாம் வாரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது எங்கள் பிரிவில் கால் வலியோடு வருகிறவர்களுக்கு முதல் நாளே கொடுக்கிறோம். பயமுறுத்தும் என்று சிலர் தயங்கினார்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் மற்றவற்றுக்குக் குறைவாகப் பயப்படுகிறார்கள் என்பதுதான் எங்கள் அனுபவம்.

ஸ்கேன் அறிக்கை விளக்கம் இல்லாமல் கைக்குப் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது; அது அவருடைய உடம்பு. வலியில்லாதவர்களிடமும் இவை எந்த அளவுக்குக் காணப்படும் என்று வயதுவாரியாக இரண்டு வரி அறிக்கையிலேயே சேர்க்கலாம். எங்கள் ஸ்கேன் பிரிவிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.

வார்டில் வழுக்கு விரிப்புகளை முதலில் பத்திரமாக அலமாரியில் பூட்டி வைத்தார்கள், சாவி பகல் பணியாளரிடம் இருந்தது. அதனால் இரவில் யாரும் எடுக்கவில்லை. தலைமைச் செவிலியரிடம் சொல்லி, ஒவ்வொரு கட்டில் வரிசையின் முனையிலும் கொக்கி அடித்து மாட்டிய பிறகுதான் அவை பயன்பாட்டுக்கு வந்தன.